பெஞ்சில் ஒரு பச்சைப் பாக்கெட்

பூன் கெங்கின் முன்பல் காயா ஜாம் தடவிய ரொட்டியில் தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மணி ஒன்பது ஐந்து. தோ பாயோ உணவங்காடியில் கணவனும் மனைவியும் பசியாறிக்கொண்டிருந்தார்கள். கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தபோது, வெண்ணெய்க்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் கட்டிய பீங்கான் பல். மேல்வரிசையில் நட்டநடுப் பல்.

"எங்க, சிரி பாப்போம்," என்றாள் மனைவி சியூ எங்.

அவர் சிரித்துக் காட்டினார்.

"ஐயோ, சிரிக்காத!"

சிக்கல் சிரிப்பில்தான் இருந்தது. மறுநாள் காலை மகள் ஷின் யீக்குக் கல்யாணம். மணமக்கள் மண்டியிட்டுத் தேநீர்க் கோப்பையை நீட்டுவார்கள். பெற்றோர் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும். அதைப் படம் பிடிக்க இரண்டு பேர் வருகிறார்கள். பூன் கெங் முப்பத்து மூன்று வருடம் மின்தூக்கி பழுது பார்த்தவர். மின்தூக்கிக்குள் யாரும் சிரிப்பதில்லை என்பதால் அவருக்கும் அந்தப் பழக்கம் வரவே இல்லை. ஷின் யீ ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"அப்பா, வீட்டுல இருக்குற எல்லாப் படத்துலயும் நீங்க பாஸ்போர்ட்டுக்கு நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க. எனக்கு நகை வேணாம், ஒண்ணும் வேணாம். கல்யாணத்தன்னிக்குப் படத்துல ஒரே ஒரு தடவை பல்லு தெரிய சிரிங்க. அது போதும்."

அவர் வாக்குக் கொடுத்தார். இரண்டு வாரமாகக் குளியலறைக் கண்ணாடி முன் தினமும் ஆறு நிமிடம் பயிற்சியும் எடுத்துவந்தார். பல் வரிசை நன்றாகத்தான் இருந்தது, அன்று ஒன்பது மணி வரைக்கும்.

நாலு பல் மருத்துவர்களுக்குப் போன் செய்ததில் மூன்று பேர் கையை விரித்தார்கள். நாலாவது இடத்தில் தாதி சொன்னாள்: "ரெண்டு மணிக்கு வர வேண்டியவர் வரலையாம். நீங்க வாங்க. விழுந்த பல்லை மறக்காம எடுத்துட்டு வாங்க அங்கிள். அது இருந்தா இருபது நிமிஷ வேலை. இல்லேன்னா புதுசு செய்ய ஒரு வாரம் ஆகும்."

சியூ எங் பல்லை ஒரு மெல்லிய தாளில் நான்கு மடிப்பாகச் சுற்றினாள். அதை டிஷ்யூ பாக்கெட்டுக்குள்ளேயே செருகி, கணவனின் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானும் போட்டுவிட்டாள். பச்சை உறையில் மீன்கொத்தி படம் போட்ட பாக்கெட். ரயில் நிலைய வாசலில் விற்பது. ஊரில் பாதிப் பேர் பையில் அதுதான் இருக்கும்.

"என் பைக்குள்ள போட்டா தேடவே ஒரு வாரம் ஆகும். நீயே வச்சுக்கோ. கைய எடுக்காத."

ரயிலை நம்பாத சியூ எங் பதினோரு மணிக்கே மருத்துவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் பெரிய தூண்களோடு ஒரு கலைக்கூடம் நின்றது.

"உள்ள குளுகுளுன்னு இருக்கும். நம்ம ஊர்க்காரங்களுக்குக் கட்டணம் கிடையாது, அடையாள அட்டைய காட்டினா போதும்," என்றாள்.

"அங்க போய் என்ன பண்றது?"

"பாக்கறது."

அறுபத்தோரு வருடம் அதே ஊரில் வாழ்ந்தும் பூன் கெங் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூரை எங்கோ இருந்தது. கண்ணாடி வழியே இறங்கிய வெளிச்சம், யாரோ இழைத்துத் துடைத்து அனுப்பியதைப் போல இருந்தது. நூறு பேர் இருந்தும் ஒருவர் குரலும் கேட்கவில்லை. கீழ்மாடி முழுக்கச் சுற்றிவிட்டு மணி ஒன்றுக்கு மின்தூக்கியில் ஏறினார்கள். எல்லாவற்றையும்விட அவரை உலுக்கியது அதுதான். ஏறியது தெரியவில்லை. நின்றதும் தெரியவில்லை. கதவு திறந்தபோது இரண்டாம் மாடி இருந்தது.

"சியூ எங், இது ஓடவே இல்ல. மாடிதான் கீழ வந்திருக்கு."

"வாய மூடு, ஓட்டை தெரியுது."

அவர் மீண்டும் கீழே போய் மீண்டும் மேலே வந்தார். கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். இப்படியொன்றைக் கையால் செய்திருக்கிறார்களே!

இரண்டாம் மாடியில் வெள்ளைவெளேரென்று ஒரே மாதிரி வரிசையாகக் கூடங்கள். முதலில் நுழைந்த கூடத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. சியூ எங் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"நீ இதைப் பிடிச்சு வை. கால் ஓயறதுக்கு முன்னாடி நான் அந்தக் கோடியில பீங்கான் சாமானைப் பாத்துட்டு வந்துடறேன். திரும்பி வந்தா எனக்கு உக்கார இடம் வேணும், சொல்லிட்டேன்."

போய்விட்டாள். பூன் கெங் கடமையோடு உட்கார்ந்தார். காலையில் குடித்த இரண்டு கோப்பை கோப்பி பத்து நிமிடம் பொறுத்தது. அதற்கு மேல் பொறுக்கவில்லை.

அவர் எழுந்தபோது கை தானாக ஒரு வேலை செய்தது. நாற்பது வருடமாக உணவங்காடிகளில் செய்துவரும் வேலை. சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றி, பச்சைப் பாக்கெட்டை எடுத்து, பெஞ்சின் நடுவில் நேராக வைத்தது. ஊருக்கே தெரிந்த சட்டம் அது. மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று பொருள். பசியில் உயிர் போனாலும், கையில் சூடான கிண்ணம் கொதித்தாலும், ஒருவரும் அங்கே உட்கார மாட்டார்கள். காவலும் பூட்டும் இல்லாமலே அது செல்லும். அதை நினைக்கும்போதெல்லாம் பூன் கெங்குக்குத் தன் ஊர்மீது ஒரு பிரமிப்பு வரும்.

கழிப்பறையில் கை கழுவிவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடியில் ஓர் ஓட்டை தெரிந்தது. கை சட்டைப் பைக்குப் போனது. பை தட்டையாக இருந்தது.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி, வெள்ளைக் கூடத்துக்குள் நுழைந்தார். சாம்பல் பெஞ்சு இருந்தது. பச்சைப் பாக்கெட் இருந்தது. அதைச் சுற்றி இருபத்தைந்து பேரும் இருந்தார்கள்.

எல்லாருடைய கண்ணும் பாக்கெட்டில். மேலிருந்து ஒரு விளக்கு வேறு அதன்மேல் விழுந்தது. கல்லூரிப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே வெள்ளிச் சட்டமிட்ட கண்ணாடி அணிந்த பேராசிரியை ஒருவர் கோவிலில் பேசுவதுபோல மெல்லப் பேசினார்.

"யாருக்கான இடம் இது? வருவாங்களா? வர மாட்டாங்களா? இந்தச் சின்னப் பாக்கெட் நம்ம எல்லாரையும் நிக்க வச்சிருக்கு பாருங்க."

ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பூன் கெங்குக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனே ஓட்டை நினைவுக்கு வர, வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அந்த அங்கிளப் பாரு," என்று ஒரு மாணவன் தோழியின் காதில் சொன்னான். "அப்படியே ஆடிப் போயிட்டார்."

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார். தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டை ஒரு கால் தாண்டியது.

"அங்கிள், கோட்டுக்கு அந்தப் பக்கம்," என்றார் காவலர். சட்டையில் ஹாஷிம் என்று பெயர் இருந்தது.

"அது என்னோடது," என்றார் பூன் கெங், விரல்களுக்கு இடையிலிருந்து.

"எல்லாரோடதும்தான் அங்கிள். நாட்டோட சொத்து. பின்னால நில்லுங்க."

"இல்லப்பா, நெஜமாவே என்னோடது. நான்தான் அதை வச்சேன்."

பேராசிரியையின் பேனா கீழே விழுந்தது. "நீங்க வச்சீங்களா?"

"ஆமா."

"உங்க கையாலயே?"

"வேற யார் கையால வைப்பாங்க?"

பேராசிரியை அருகே வந்தார். "இதுவரைக்கும் ஒருத்தரும் உங்க முகத்தப் பாத்ததில்ல. நீங்க எந்தத் திறப்பு விழாவுக்கும் வர மாட்டீங்களே..."

"நான் எங்கயும் போறதில்ல. வீட்டுல இருந்தா உணவங்காடி, உணவங்காடிய விட்டா வீடு."

இருபத்தைந்து பேனாக்கள் அதை எழுதிக்கொண்டன.

பூன் கெங்குக்குத் தலை சுற்றியது. கால் மணி நேரத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டுக்கு விளக்குப் போட்டு, கோடு கிழித்து, காவல் வைத்து, அதைப் பற்றிப் பாடமும் நடத்துகிறார்களே! வேறெந்த ஊரில் இத்தனை சுறுசுறுப்பு உண்டு? உண்மையைப் பட்டென்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். அதில்தான் பிசகியது.

"ஐயா, அதை எதுக்காக வச்சீங்க?" என்று கேட்டாள் கண் துடைத்த பெண்.

"என் பொண்டாட்டி வந்து உக்கார."

பேனாக்கள் பாதி வரியில் நின்றன.

"அவங்க... எவ்வளவு நாளா வரல?"

"நாளெல்லாம் இல்ல, அரை மணி நேரமா. இன்னும் பீங்கான் பாத்துட்டிருக்கா."

சிரித்தால் மரியாதை இல்லை என்று இரண்டு பேர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். பேராசிரியை மட்டும் கண்ணை மூடி, "அரை மணி நேரம்," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். அவருக்கு அதில் முப்பது வருடம் கேட்டிருக்க வேண்டும்.

பூன் கெங் காவலரிடம் திரும்பினார். "தம்பி, நான் அதை எடுத்துக்கிறேன். அவசரம். ரெண்டு மணிக்கு ஒரு இடத்துக்குப் போகணும்."

"கலைஞரே ஆனாலும் தொட முடியாது அங்கிள். வச்சுட்டீங்க, இப்ப அது மியூசியத்தோடது." ஹாஷிமுக்கே மனசு கேட்கவில்லை. "இருங்க, மேலதிகாரிகிட்ட கேக்குறேன்," என்று வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்.

அந்த நேரம் பார்த்து பூன் கெங்கின் கைப்பேசி அலறியது. ஷின் யீ, காணொளி அழைப்பில். எடுக்காவிட்டால் விடாமல் அழைத்துக்கொண்டே இருப்பாள். எடுத்தார், வாயைப் பொத்தியபடியே.

"அப்பா, எங்க இருக்கீங்க? ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க, பயிற்சி எப்படி இருக்குன்னு பாக்கணும்... என்னப்பா இது, ஏன் வாயப் பொத்தியிருக்கீங்க? அழுறீங்களா?"

"மியூசியத்துல இருக்கேன்மா."

"மியூசியமா? நீங்களா?" மகள் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். "நான் வீட்ட விட்டுப் போறேன்னுதானே மனசு தாங்காம அங்கல்லாம் போயிருக்கீங்க? அப்பா, நானும் அழுதுடுவேன். நாளைக்குன்னு இப்பவே மேக்கப் போட்டுப் பாத்துட்டிருக்காங்க. நாளைக்குச் சிரிச்சுடுவீங்கல்ல?"

"சிரிப்பேன்," என்றார் பூன் கெங். பச்சைப் பாக்கெட் விளக்கொளியில் தூரத்தில் மின்னியது.

மணி ஒன்று நாற்பதுக்கு சியூ எங் நொண்டிக்கொண்டு வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். பாக்கெட் இருந்தது. இடம் பிடித்தாகிவிட்டது. அவளுக்கு அதற்கு மேல் தெரிய வேண்டியது எதுவும் இல்லை.

"தள்ளுங்க, தள்ளுங்க," என்று கோட்டைத் தாண்டிப் போய், பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

இருபத்தைந்து பேரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"வந்துட்டாங்க," என்றார் பேராசிரியை.

சியூ எங் காலணியைக் கழற்றினாள். பெருவிரலை மடக்கி நீட்டினாள். முழங்காலை இரு கையாலும் பிடித்து, "அம்மாடி," என்றாள். பையைத் திறந்து தைலத்தை எடுத்துத் தேய்த்தாள். கூடம் முழுக்கத் தைல வாசனை பரவியது. ஒருவரும் அசையவில்லை.

பூன் கெங்கும் பார்த்தார். பல்லைத்தான் பார்க்க வந்தார். ஆனால் கண் அவள்மேல் நின்றுவிட்டது. முப்பத்து நாலு வருடமாக அவள் தினமும் இப்படித்தான் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்க்கிறாள். அவர் செய்தித்தாளுக்கு மேலாக அதைப் பார்த்ததே இல்லை. இந்த வெளிச்சத்தில் அவள் நெற்றி நரைமுடி ஒவ்வொன்றும் வெள்ளிக் கம்பியாகத் தெரிந்தது. இந்த முழங்காலோடுதான் அவள் ஒரு மாதமாகக் கல்யாண அழைப்பிதழைச் சுமந்துகொண்டு அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறி இறங்கினாள். வாயைப் பொத்தியிருந்த கை தானாகக் கீழே இறங்கியது. வாய் பிளந்தே நின்றது.

"என்ன முழிக்கிற?" என்றாள் சியூ எங் சத்தமாக. "பல்ல எடுத்துக்கிட்டியா இல்லையா?"

அவர் தலையசைத்துப் பாக்கெட்டைக் காட்டினார்.

"அட மடையா! இதுலயா இடம் பிடிச்ச?" பாக்கெட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "வா, நேரமாச்சு."

கைத்தட்டல் தொடங்கியது. முதலில் ஒருவர், பிறகு எல்லாரும். ஹாஷிம் வாக்கிடாக்கியில் யாருக்கோ, "கலைஞரே வந்திருக்கார் சார், மனைவியோட... சரி சார்... நீங்க வர்ற வரைக்கும் அவங்க இஷ்டப்படி விடறேன் சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேராசிரியை கையைக் குவித்து வழிவிட்டார்.

"எதுக்குத் தட்டறாங்க?" என்று கேட்டாள் சியூ எங் மின்தூக்கியில்.

"நீ உக்காந்ததுக்கு."

"ஊர்ல எல்லாருக்கும் வேலை இல்லாம போச்சு," என்றாள். ஆனால் கதவின் பளபளப்பில் தலைமுடியை ஒருமுறை சரிசெய்துகொண்டாள்.

மருத்துவர் அறையில் மணி சரியாக இரண்டு. பூன் கெங் நாற்காலியில் மல்லாந்து வாயைத் திறந்தார். சியூ எங் பாக்கெட்டைப் பிரித்தாள். முதல் தாளை உதறினாள். ஒன்றும் இல்லை. இரண்டாவது தாளிலும் இல்லை. பத்துத் தாளையும் உதறி, பத்தையும் கிழித்து, பாக்கெட்டையும் உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பினாள். அறையின் தரை முழுக்க வெள்ளைத் துணுக்குகள்.

"பல்லு எங்க?" என்றார் மருத்துவர்.

"எங்கடா பல்லு?" என்றாள் சியூ எங்.

பூன் கெங் வாயைத் திறந்தபடியே இரண்டு கையையும் விரித்தார்.

"நீ ஓடின ஓட்டத்துல கீழ விழுந்திருக்கும். அந்தப் பெஞ்சுக்கு அடியில உருண்டிருக்கும். எழுந்திரு!"

"ரெண்டரை வரைக்கும் இருப்பேன்," என்றார் மருத்துவர். "அதுக்கப்புறம் அடுத்த வாரம்தான்."

அவர்கள் திரும்பி வந்தபோது கூட்டம் இரட்டிப்புக்கும் மேலாகியிருந்தது. அறுபது பேர் வெறும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பத்தான் முழுமையாச்சு," என்று பேராசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். "காத்திருந்தவங்க வந்துட்டாங்க. இனிமே பாக்கெட் எதுக்கு?" பிறகு வாசலைப் பார்த்தார். "ஐயோ, ரெண்டு பேரும் திரும்பி வந்திருக்காங்க!"

பூன் கெங் கோட்டைத் தாண்டி மண்டியிட்டார். சியூ எங் நல்ல முழங்காலை மட்டும் ஊன்றி மறுபக்கம் தவழ்ந்தாள். இருவரும் எதிரெதிராகப் பெஞ்சின் அடியில் தலையை விட்டார்கள். அறுபது பேரும் மெய்மறந்து நின்றார்கள். பின்வரிசையில் ஓர் இளைஞனும் அவன் காதலியும் தாங்களாகவே மெல்ல மண்டியிட்டார்கள்.

"இருக்கா?"

"இல்ல."

"நல்லா பாரு! நாளைக்கு உன் பொண்ணு டீய நீட்டும்போது என்னத்தக் காட்டிச் சிரிப்ப?"

"சிரிக்காம விட மாட்டேன் சியூ எங். ஓட்டையோடயாவது சிரிச்சுடறேன். வாக்குக் குடுத்துட்டேன்."

சியூ எங் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். கை நீட்டி, அவர் நெற்றியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். யாரோ விசும்பினார்கள்.

அப்போது துடைப்பமும் வாளியுமாக ஒரு துப்புரவு அம்மா கூட்டத்துக்குள் புகுந்து வந்தார். குனிந்து, பெஞ்சுக்கு அடியில் இருந்த இரண்டு முகங்களையும் பார்த்தார்.

"என்ன அங்கிள் தேடறீங்க?"

"பல்லு. பச்சை டிஷ்யூ பாக்கெட்டுல வச்சிருந்தேன், மீன்கொத்தி படம் போட்டது. இந்தப் பெஞ்சுல வச்சேன்."

துப்புரவு அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"இந்தப் பெஞ்சுல மூணு மாசமா இருந்தது மியூசியத்துக்காரங்க கலைப்பொருள்னு வாங்கி வச்ச பாக்கெட்டு அங்கிள். உங்களோடது பக்கத்துக் கூடத்துப் பெஞ்சுல நீங்க வச்ச மாதிரியே இருக்கு, ஆள் இருக்குன்னு நாங்க யாரும் கையே வைக்கல."